பிறந்தபோது எடை குறைவு, இப்போது சிறுநீரில் புரதம்: தொடர்பு உண்டா?

மாடிப்படி எழுதியது:

எனக்கு வயது 36. வேலை மாறியபோது முழு உடல் பரிசோதனை செய்யச் சொன்னார்கள். சர்க்கரை இல்லை. கொழுப்பு அளவோடு இருக்கிறது. சிறுநீரில் மட்டும் அல்புமின் என்ற புரதம் தெரிகிறது. அதைக் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளோடு ஒப்பிடும் அல்புமின்-கிரியாட்டினின் விகிதம் 92 என்று வந்திருக்கிறது. இரத்த அழுத்தம் 138/88. இரத்தத்தில் கிரியாட்டினின் 1.0தான்.

அறிக்கையைப் பார்த்த மருத்துவர் வழக்கமான கேள்விகளை எல்லாம் கேட்டார். வலி மாத்திரை அடிக்கடி சாப்பிடுவீர்களா, வீட்டில் யாருக்காவது சிறுநீரக நோய் உண்டா, இப்படி. கடைசியில், "நீங்கள் பிறந்தபோது எத்தனை கிலோ?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். "எடையெல்லாம் யாருக்கு நினைவிருக்கிறது? எட்டாம் மாதம் முடிந்த சில நாளில் பிறந்தாய். ஒரே கையில் அடங்கிவிட்டாய்" என்றார். எதற்குக் கேட்கிறாய் என்று துருவினார். காரணத்தைச் சொன்னதும் முகம் வாடிவிட்டது. இரண்டு நாட்களாக, "நான் அப்போது ஒழுங்காகச் சாப்பிடாததால்தானே" என்று புலம்பிக்கொண்டிருக்கிறார்.

அதனால்தான் இங்கே கேட்கிறேன். 36 வருடங்களுக்கு முந்தைய எடைக்கும் இன்றைய சிறுநீருக்கும் உண்மையிலேயே தொடர்பு இருக்கிறதா? அல்லது அந்த மருத்துவர் மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறாரா?

நிழல்மரம் எழுதியது:

முடிச்சுதான் என்று நினைக்கிறேன். புள்ளிவிவரம் என் தொழில், மருத்துவம் அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எடை குறைவாகப் பிறக்கும் குழந்தைகள் பெரும்பாலும் எந்த வீடுகளில் பிறக்கிறார்கள்? வறுமை, தாய்க்கு இரத்தசோகை, புகை, தொற்று, சிறு வயதுத் திருமணம். அந்தக் குழந்தை பிறந்த பிறகும் அதே வீட்டில்தானே வளர்கிறது? அதே உணவு, அதே காற்று, அதே மருத்துவ வசதிக் குறைவு. நாற்பது வயதில் அவருக்கு நோய் வந்தால், தராசில் முதல் நாள் காட்டிய எண்ணைக் குற்றவாளி ஆக்குவது எப்படி? உங்கள் 138/88 போதாதா புரதம் கசிய? அதை முதலில் கவனியுங்கள். அம்மாவை நிம்மதியாக விடுங்கள்.

உப்புக்கணக்கு எழுதியது:

சிறுநீரக மருத்துவத்தில் பத்தொன்பது வருடங்களாக இருக்கிறேன். நிழல்மரம் எழுப்பியிருப்பது நியாயமான சந்தேகம், அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த மருத்துவர் ஏன் கேட்டார் என்று சொல்கிறேன். சக மருத்துவர் ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டார் என்பதே எனக்கு மகிழ்ச்சி. எங்களில் பலர் கேட்பதே இல்லை.

சிறுநீரகத்தின் வேலையைச் செய்வது நெஃப்ரான்கள். ஒவ்வொன்றின் தலையிலும் இரத்த நுண்குழாய்கள் சுருண்ட ஒரு முடிச்சு இருக்கிறது, குளோமெருலஸ் என்போம். வடிகட்டி அதுதான். இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் திரவத்தை வடிக்கின்றன. அதில் பெரும்பகுதி திரும்ப உள்ளே இழுக்கப்பட்டு, ஒன்றிரண்டு லிட்டர்தான் சிறுநீராக வெளியே போகிறது.

ஒரு சிறுநீரகத்தில் சராசரியாகப் பத்து லட்சம் நெஃப்ரான்கள் என்று பாடநூலில் படித்திருப்பீர்கள். சராசரி சரிதான். ஆனால் இறந்தவர்களின் சிறுநீரகங்களை எடுத்து முறையாக எண்ணிப் பார்த்தபோது, சிலருக்கு 2 லட்சம்தான் இருந்தது, சிலருக்கு 20 லட்சத்துக்கும் மேல். பத்து மடங்கு வித்தியாசம்! உடலில் வேறு எந்த முக்கிய உறுப்பிலும் இப்படி ஒரு ஏற்றத்தாழ்வை நான் கண்டதில்லை.

இந்த எண்ணிக்கை கருப்பையிலேயே தீர்மானமாகிவிடுகிறது. நெஃப்ரான்கள் ஒன்பதாவது வாரம் வாக்கில் உருவாகத் தொடங்கி 34 முதல் 36 வாரத்துக்குள் முடிந்துவிடும். அதில் பாதிக்கு மேல், சுமார் 60 விழுக்காடு, கடைசி மூன்று மாதங்களில் உருவாகிறது. கதவு அதோடு மூடிக்கொள்ளும். தோல் புதுப்பித்துக்கொள்கிறது, கல்லீரல் வளர்த்துக்கொள்கிறது. நெஃப்ரான் அப்படி இல்லை. போனது போனதுதான்.

இப்போது எடைக்கு வருவோம். 2003இல் வந்த ஓர் ஆய்வில், பிறப்பெடை ஒரு கிலோ கூடினால் ஒரு சிறுநீரகத்தில் சுமார் 2,57,000 நெஃப்ரான்கள் கூடுதலாக இருப்பதாகக் கணக்கிட்டார்கள். வளர்ச்சி குன்றிய கருவில் உடல் மூளைக்கு இரத்தத்தை அனுப்பி அதைக் காப்பாற்றப் பார்க்கும். அதற்காக விட்டுக்கொடுக்கும் உறுப்புகளில் சிறுநீரகமும் ஒன்று.

பத்துப் பேர் இறைக்க வேண்டிய கிணற்றை ஆறு பேர் இறைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வந்துவிடும். வெளியே இருந்து பார்ப்பவருக்குக் குறையே தெரியாது. அதனால்தான் உங்கள் கிரியாட்டினின் 1.0 என்று அழகாக இருக்கிறது. ஆனால் அந்த ஆறு பேரின் தோள்களைப் பாருங்கள். ஒவ்வொரு வடிகட்டியும் பெரிதாகிறது, அதற்குள் அழுத்தம் கூடுகிறது, சல்லடையின் கண்கள் தளர்ந்து அல்புமின் கசிகிறது, ஆண்டுகள் போகப்போக சில முடிச்சுகள் தழும்பாகி நின்றுவிடுகின்றன. மிச்சம் இருப்பவற்றின் பாரம் இன்னும் கூடுகிறது. வடிகட்டும் பரப்பு குறைந்தால் உப்பை வெளியேற்றுவதும் சிரமம். இரத்த அழுத்தம் ஏறுகிறது. 1988இல் பேரி பிரென்னர் என்ற சிறுநீரக அறிஞரும் அவருடைய சகாக்களும் முன்வைத்த கருத்து இதுதான்.

எனவே நிழல்மரம் அவர்களே, "138/88 போதாதா" என்கிறீர்கள். அந்த 138/88 எங்கிருந்து வந்தது என்பதுதான் என் கேள்வி.

ஒற்றைச்சிறகு எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். நான் என் தம்பிக்கு ஒரு சிறுநீரகம் கொடுத்து பதினோரு வருடங்கள் ஆகின்றன. அதாவது என் நெஃப்ரான்களில் சரிபாதியை ஒரே காலையில் கொடுத்துவிட்டேன். இன்றுவரை அழுத்தம் சரி, சிறுநீர் சரி, கிரியாட்டினின் சற்றே கூடுதலாக இருந்தாலும் அது எதிர்பார்த்ததுதான் என்கிறார்கள். ஆறு பேர் இறைத்தால் தோள் போய்விடும் என்றால் என் தோள் ஏன் போகவில்லை? மாடிப்படியை வீணாகப் பயமுறுத்துகிறோமோ என்று தோன்றுகிறது.

உப்புக்கணக்கு எழுதியது:

அருமையான கேள்வி, ஒற்றைச்சிறகு. உங்கள் தம்பி கொடுத்துவைத்தவர்.

உங்களை எத்தனை பரிசோதனைகளுக்குப் பிறகு தேர்ந்தெடுத்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அழுத்தம், சர்க்கரை, புரதம், ஸ்கேன், ஒன்றில் சந்தேகம் வந்திருந்தாலும் அனுப்பியிருக்க மாட்டார்கள். நிறையக் கையிருப்பு உள்ளவர்கள்தான் கொடையாளர் ஆகிறார்கள். அதோடு நீங்கள் பாதியை இழந்தது வளர்ந்த பிறகு. குறைவோடு பிறந்தவர் முதல் நாளில் இருந்தே அந்தப் பாரத்தைச் சுமக்கிறார்; வளரும் வயது முழுவதும், உடல் பருக்கும் வயது முழுவதும்.

இன்னொன்று. குறைந்த நெஃப்ரான் மட்டும் இருந்தால் பலருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆயுள் முழுவதும் தெரியாமலே வாழ்ந்து முடிப்பவர்கள் ஏராளம். அதன் மேல் இரண்டாவது அடி விழ வேண்டும்: உடல் பருமன், சர்க்கரை, கவனிக்காத இரத்த அழுத்தம், ஆண்டுக்கணக்கில் வலி மாத்திரை, ஒரு கடுமையான நீரிழப்பு. முதல் அடி விழுந்த இடத்திலேயே இரண்டாவது விழுந்தால்தான் வலி. நீங்களும் ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீர் பார்த்துக்கொள்கிறீர்கள்தானே? அதைத்தான் மாடிப்படிக்கும் சொல்கிறேன்.

நிழல்மரம் எழுதியது:

கிணறும் தோளும் நன்றாக இருக்கின்றன. எண்கள் எங்கே? குடும்பச் சூழலையும் பிறப்பெடையையும் பிரித்துக் காட்டிய ஆய்வு ஏதாவது உண்டா? 2003இல் விபத்தில் இறந்தவர்களின் சிறுநீரகங்களில் நெஃப்ரான்களை எண்ணிய ஆய்வு ஒன்றைப் படித்தேன். இரத்த அழுத்தம் இருந்தவர்களுக்கு நடுமதிப்பு 7,02,379, இல்லாதவர்களுக்கு 14,29,200. பார்க்கப் பிரமாதம். ஆனால் பத்துப் பேரும் பத்துப் பேரும், மொத்தமே இருபது பேர்!

உப்புக்கணக்கு எழுதியது:

இருபது பேர்தான். ஒப்புக்கொள்கிறேன். அதில் பிறப்பெடைக் கணக்கும் இல்லை. உயிரோடு இருப்பவரின் நெஃப்ரான்களை எண்ண நடைமுறையில் வழியில்லை என்பதால் அந்த வகை ஆய்வுகள் சிறியனவாகவே இருக்கும். அதைத் தள்ளி வைத்துவிட்டுப் பெரியவற்றுக்கு வருவோம்.

நார்வேயில் 1967 முதல் பிறந்த ஒவ்வொரு குழந்தையும் ஒரு பதிவேட்டில் இருக்கிறது. சுமார் 22 லட்சம் பேரின் பதிவைச் சிறுநீரகச் செயலிழப்புப் பதிவேட்டோடு பொருத்திப் பார்த்து 2008இல் வெளியிட்டார்கள். எடையில் கடைசிப் பத்து விழுக்காட்டில் பிறந்தவர்களுக்கு டயாலிசிஸ் அல்லது மாற்றுச் சிறுநீரகம் தேவைப்படும் நிலை 1.7 மடங்கு. அடுத்த ஆண்டு பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களுக்கும் நாட்பட்ட சிறுநீரக நோயில் ஏறத்தாழ அதே 70 விழுக்காடு கூடுதல்தான் கிடைத்தது.

உங்கள் குடும்பச் சூழல் கேள்விக்கு சுவீடன் பதில் சொல்கிறது. 1973 முதல் 2014 வரை ஒற்றைக் குழந்தையாகப் பிறந்த 40 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். 37 வாரம் நிறையாமல் பிறந்தவர்களுக்கு நாட்பட்ட சிறுநீரக நோய் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 28 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கு மூன்று மடங்கு. அவர்கள் அதோடு நிற்கவில்லை. ஒரே தாயின் பிள்ளைகளை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டார்கள். அதே வீடு, அதே பெற்றோர், ஒருவர் குறைமாதம், ஒருவர் நிறைமாதம். தொடர்பு அப்போதும் மறையவில்லை. இது 2019இல் வந்தது.

ஒரு சிறு குறிப்பு, விருப்பமுள்ளவர்களுக்கு. பிறப்பெடைக்கும் பிற்கால நோய்க்கும் தொடர்பு உண்டு என்று உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தவர் டேவிட் பார்க்கர். அவருக்குக் கிடைத்த புதையல், இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்டுஷயரில் 1911 முதல் செவிலியர்கள் வீடு வீடாகப் போய்க் குழந்தைகளை நிறுத்துக் கையால் எழுதி வைத்த பேரேடுகள். அறுபது எழுபது வருடம் கழித்து ஒருவர் அதைத் திறப்பார் என்று எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. மாடிப்படி, உங்கள் வீட்டுப் பழைய பெட்டியைத் தேடிப் பாருங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதினேன்.

நிழல்மரம் எழுதியது:

உடன்பிறந்தோர் ஒப்பீடு எனக்குத் தெரியாது. அது என் வாதத்தின் காலை வாரிவிட்டது. சரி, தொடர்பு இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் "மூன்று மடங்கு" என்று எழுதும்போது எதற்கு மூன்று மடங்கு என்பதையும் எழுத வேண்டும். அதே சுவீடன் ஆய்வில் மொத்தத்தில் நோய் கண்டறியப்பட்டவர்கள் 4,305 பேர், ஆயிரத்தில் ஒருவர். நார்வே ஆய்வில் சுமார் 22 லட்சம் பேரில் 526 பேர். நாலாயிரத்தில் ஒருவர்கூட இல்லை. பெரும்பாலானவர்கள் இன்னும் இளையவர்கள் என்பது உண்மை, வயதாக ஆக எண்ணிக்கை கூடும். இருந்தாலும், எடை குறைவாகப் பிறந்த பிள்ளைகளின் பெற்றோர் இந்த இழையைப் படித்துவிட்டு இன்றிரவு தூங்காமல் இருக்கக்கூடாது. மிகச் சிறிய எண் இரண்டு மடங்கானாலும் சிறிய எண்தான்.

உப்புக்கணக்கு எழுதியது:

நூற்றுக்கு நூறு சரி. நான் சொல்ல மறந்ததைச் சொன்னீர்கள், நன்றி.

சோதனைக்குழாய் எழுதியது:

ஆய்வகத்தில் வேலை செய்பவன் என்ற முறையில் ஒரு சங்கடமான உண்மை. மாடிப்படியின் 92 சரியான 92தானா என்று யாருமே கேட்கவில்லையே!

இந்த விகிதம் 30க்குக் கீழே இருந்தால் இயல்பு. 30 முதல் 300 வரை மிதமான கசிவு. ஆனால் ஒரே ஒரு முறை வந்த எண்ணை வைத்து யாரையும் நோயாளி ஆக்கக்கூடாது. முந்தைய நாள் ஜிம்மில் வியர்க்க விறுவிறுக்கப் பயிற்சி செய்திருந்தால் ஏறும். காய்ச்சல் இருந்தால் ஏறும். சிறுநீர்த் தொற்று, பெண்களுக்கு மாதவிடாய், எல்லாமே குழப்பும். நாளின் நடுவில் கொடுத்த மாதிரியைவிடக் காலையில் எழுந்ததும் கொடுக்கும் முதல் சிறுநீர் நம்பகமானது. மூன்று மாத இடைவெளிக்குள் மறுபடியும் பார்க்க வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் நாட்பட்ட நோய் என்ற பெயரே வரும்.

வெறும் பட்டையை நனைத்து நிறம் பார்க்கும் சோதனையில் "இல்லை" என்று வந்தால் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். தண்ணீர் நிறையக் குடித்திருந்தால் சிறுநீர் நீர்த்துப்போய்ப் புரதம் ஒளிந்துகொள்ளும். விகிதமாகப் பார்ப்பது அதனால்தான்.

கிரியாட்டினினுக்கும் ஒரு குறை உண்டு. அது தசையில் இருந்து வருவது. ஒல்லியான, தசை குறைந்த உடம்பில் சிறுநீரகம் தளர்ந்திருந்தாலும் எண் இயல்பாகவே தெரியும். சிறிதாகப் பிறந்து சிறிதாகவே வளர்ந்தவர்களுக்கு இது முக்கியம். மருத்துவர் சந்தேகப்பட்டால் இரத்தத்தில் சிஸ்டாட்டின்-சி என்ற புரதத்தைப் பார்க்கச் சொல்வார்; அது தசையை அவ்வளவாகச் சார்ந்ததல்ல.

மாடிப்படி எழுதியது:

சோதனைக்குழாய், நீங்கள் சொன்னதும் தூக்கிவாரிப் போட்டது. பரிசோதனைக்கு முந்தைய மாலை இரண்டு மணி நேரம் பூப்பந்து ஆடினேன். மறுபடியும் கொடுக்கிறேன். காலைச் சிறுநீர், ஆட்டம் இல்லாமல்.

நெறியாளர் எழுதியது:

இங்கே இருந்த ஒரு பதிவு நீக்கப்பட்டது. நெஃப்ரானை மறுபடி முளைக்க வைக்கும் பொடி என்று விற்பனை எண்ணோடு எழுதியிருந்தார்கள். அப்படி ஒரு பொடி உலகத்தில் இல்லை. அரிஸ்டோலோக்கிக் அமிலம் உள்ள மூலிகைகளைச் சாப்பிட்டுச் சிறுநீரகத்தை இழந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். தொடருங்கள்.

இரட்டைத்தென்றல் எழுதியது:

நேற்றிரவு முழு இழையையும் படித்தேன். நிழல்மரம் சொன்னதற்கு மாறாக, தூங்கவில்லை.

என் இரட்டையர்கள் 31 வாரத்தில் பிறந்தார்கள். பெண் 1,180 கிராம், பையன் 1,460 கிராம். இப்போது நான்கு வயது. பெண்ணுக்கு இதயத்தின் அருகே மூட வேண்டிய குழாய் மூடவில்லை என்று ஐபுப்ரொஃபென் கொடுத்தார்கள். தொற்றுக்கு ஜென்டாமைசின் போட்டார்கள். அப்போது பிழைத்தாலே போதும் என்றிருந்தோம். வெளியே அனுப்பும்போது கண், காது, மூளை எல்லாவற்றுக்கும் அடுத்த பரிசோதனைத் தேதி எழுதிக் கொடுத்தார்கள். சிறுநீரகம் என்ற சொல்லை யாரும் உச்சரிக்கவில்லை. இந்த நான்கு வருடத்தில் இருவருக்கும் ஒருமுறைகூட இரத்த அழுத்தம் பார்த்ததில்லை. குழந்தைக்கு எதற்கு அழுத்தம் என்றுதான் நானும் நினைத்தேன்.

31 வாரத்தில் பிறந்தால், 36 வாரம் வரை உருவாக வேண்டிய நெஃப்ரான்கள் என்ன ஆகும்? அந்த மருந்துகளைக் கொடுத்தது தவறா? நான் இப்போது என்ன செய்ய வேண்டும்?

உப்புக்கணக்கு எழுதியது:

தென்றல், முதலில் மருந்துகள். அந்த மருந்துகள் சிறுநீரகத்துக்குச் சிரமம் கொடுப்பவைதான். ஆனால் அந்த வாரத்தில் தொற்றும் மூடாத குழாயும் உயிருக்கே ஆபத்து. உங்கள் இடத்தில் இருந்திருந்தால் நானும் சம்மதித்திருப்பேன். அதைத் திரும்பிப் பார்த்து வருந்த வேண்டாம்.

வெளியே வந்த பிறகும் நெஃப்ரான் உருவாவது உடனே நிற்பதில்லை. மிகக் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகளில், பிறந்து சுமார் 40 நாட்கள் வரை அது தொடர்வது தெரிந்தது. கருப்பைக்குள் நடப்பது போல அவ்வளவு செம்மையாக நடப்பதில்லை, அவ்வளவுதான்.

இனிச் செய்ய வேண்டியது, பயப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி எல்லாக் குழந்தைகளுக்கும் மூன்று வயதில் இருந்து ஆண்டுதோறும் அழுத்தம் பார்க்க வேண்டும். குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு அதற்கும் முன்பே. எனவே அடுத்த முறை போகும்போது நீங்களே கேளுங்கள். கேட்கும்போது கையில் சுற்றும் பட்டையையும் பாருங்கள். உள்ளே காற்று நிரம்பும் பை, குழந்தையின் மேல்கைச் சுற்றளவில் 80 முதல் 100 விழுக்காடு வரை சுற்றி வர வேண்டும். பட்டை சிறியதாக இருந்தால் இல்லாத அழுத்தம் இருப்பதாகக் காட்டும், பெரியவர்களுடையதைச் சுற்றினால் இருப்பதை மறைக்கும். 120/80 என்ற பெரியவர்களின் கணக்கு நான்கு வயதுக்குப் பொருந்தாது. வயது, உயரம், ஆணா பெண்ணா என்பதைப் பார்த்து அட்டவணையில் ஒப்பிட வேண்டும்.

அழுத்தத்தோடு ஒரு சிறுநீர் அல்புமின். அவசியம் என்று உங்கள் மருத்துவர் நினைத்தால் ஒரு ஸ்கேன். அவ்வளவே.

காய்ச்சலுக்கு பாராசிட்டமால் போதும். வாந்தி, வயிற்றுப்போக்கு இருக்கும் நாட்களில் ஐபுப்ரொஃபென் வேண்டவே வேண்டாம். நீர் வற்றிய சிறுநீரகத்தில் அது சட்டென்று சேதம் செய்யும். புது மருத்துவர் யாரிடம் போனாலும், "31 வாரம், 1,180 கிராம்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று, இதுதான் கடினம். சிறிதாகப் பிறந்த பிள்ளையைப் பார்த்தால் எல்லோருக்கும் ஊட்டிப் பெரிதாக்கத்தான் தோன்றும். முதல் இரண்டு வருடம் நன்றாக வளர வேண்டும், மூளைக்கும் அது தேவை. அதற்குப் பிறகு அளவுக்கு மீறிப் பருமனானால், ஆறு பேர் இறைக்கும் கிணற்றில் இன்னும் ஒரு ஊருக்குத் தண்ணீர் கேட்பது போலாகும். நெஃப்ரான் எண்ணிக்கை மாறாது. உடம்பின் தேவை மட்டும் ஏறும்.

இரட்டைத்தென்றல் எழுதியது:

நன்றி ஐயா. மாமியாரிடம் உங்கள் கடைசிப் பத்தியை வாசித்துக் காட்டினேன். "அந்த டாக்டர் பிள்ளை பெற்றவரா?" என்று கேட்டார்.

உப்புக்கணக்கு எழுதியது:

மூன்று பெற்றவர். மூன்றுமே என் பேச்சைக் கேட்பதில்லை என்றும் சொல்லுங்கள்.

பனித்துளி77 எழுதியது:

நான் நிறைமாதத்தில் பிறந்தவள், ஆனால் 1,900 கிராம்தான் இருந்தேனாம். 2,500க்குக் கீழே இருந்தால் எடைக் குறைவு என்று படித்தேன். இப்போது எனக்கு மூன்றாம் மாதம், முதல் குழந்தை. மாதம் நிறைந்து பிறந்தவர்களுக்கும் இது பொருந்துமா? என் மருத்துவரிடம் சொல்ல வேண்டுமா, அல்லது தேவையில்லாத தகவலா?

உப்புக்கணக்கு எழுதியது:

கட்டாயம் சொல்லுங்கள். நிறைமாதத்தில் 1,900 என்றால் கருப்பையிலேயே வளர்ச்சி குறைந்திருந்தது என்று பொருள். நெஃப்ரானைப் பொறுத்தவரை குறைமாதமும் இதுவும் வேறு வேறு வாசல் வழியாக ஒரே அறைக்குள் நுழைபவை. இரண்டும் சேர்ந்தவர்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும்.

சிறிதாகப் பிறந்த பெண்களுக்குக் கர்ப்பகாலத்தில் இரத்த அழுத்தம் ஏறும் வாய்ப்பு சற்று அதிகம். உங்கள் அழுத்தத்தையும் சிறுநீரில் புரதத்தையும் இந்த முதல் மாதங்களிலேயே குறித்து வைத்தால், பின்னால் ஏறினால் எங்கிருந்து ஏறியது என்று தெரியும். வேறு காரணங்களும் சேர்ந்திருந்தால் குறைந்த அளவு ஆஸ்பிரின் தேவையா என்று அவர் முடிவு செய்வார். நீங்களாக எதையும் தொடங்க வேண்டாம். வாழ்த்துகள், அம்மா.

மாடிப்படி எழுதியது:

பெட்டியைத் தேடினோம். அம்மாவின் பழைய கோப்பில் மருத்துவமனைச் சீட்டு ஒன்று கிடைத்தது. நான்காக மடித்து, மடிப்பில் கிழிந்திருந்தது. 35 வாரம், 1,650 கிராம். நீல மையில் மருத்துவர் எழுதியதில் பாதி படிக்க முடியவில்லை.

அம்மா இன்னும் தன்னைத்தான் நொந்துகொள்கிறார். ஒன்று மட்டும் புதிதாகச் சொன்னார். கடைசி மாதத்தில் கால் செருப்புக்குள் நுழையாத அளவுக்கு வீங்கிப்போனதாம், கண் முன்னால் பூச்சி பறந்ததாம், திடீரென்று ஒரு நாள் இரவோடு இரவாகக் கொண்டுபோய் அறுவை செய்து என்னை எடுத்தார்களாம். சாப்பாட்டுக்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உப்புக்கணக்கு எழுதியது:

மாடிப்படி, அந்தச் சீட்டில் "பி.பி." என்று எங்காவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் சொல்வது ப்ரீ-எக்லாம்ப்சியாவின் வர்ணனை. நஞ்சுக்கொடிக்கு இரத்தம் கொண்டுபோகும் கருப்பைக் குழாய்கள் சரியாக விரியாமல் போவதில் தொடங்குவது அது. குழந்தைக்குப் போகும் இரத்தம் குறையும், தாயின் அழுத்தம் ஏறும். 35 வாரத்துக்கு 1,650 என்பது மாதத்துக்கே போதாத எடை. அதற்கும் இது பொருந்துகிறது. அன்று இரவு எடுக்காமல் விட்டிருந்தால் இருவர் உயிருக்குமே ஆபத்தாகியிருக்கலாம். உங்கள் அம்மா ஒரு வேளைச் சாப்பாட்டைத் தவறவிட்டதால் வந்ததல்ல இது. இதை அவரிடம் அப்படியே வாசித்துக் காட்டுங்கள்.

கடும் பஞ்சம் கருவைப் பாதிக்கும் என்பது உண்மைதான். 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் உணவு அற்றுப்போனபோது கர்ப்பத்தின் நடுமாதங்களைக் கடந்தவர்களின் பிள்ளைகளுக்கு, ஐம்பது வயது வாக்கில் சிறுநீரில் அல்புமின் கூடுதலாகத் தென்பட்டது. அது ஒரு தேசமே பட்டினி கிடந்த கதை. உங்கள் வீட்டில் நடந்தது வேறு.

இப்போது நான் ஒரு கேள்வி கேட்கிறேன். உங்கள் அம்மாவுக்குக் கடைசியாக இரத்த அழுத்தம் பார்த்தது எப்போது?

நார்வேயின் பதிவேட்டில் இருந்தே 2008இல் இன்னோர் ஆய்வும் வந்தது. முதல் பிரசவத்தில் ப்ரீ-எக்லாம்ப்சியா வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் சிறுநீரகம் முற்றிலும் செயலிழக்கும் வாய்ப்பு 4.7 மடங்கு. நிழல்மரம் கோபிக்கும் முன் சொல்லிவிடுகிறேன், அதுவும் அரிதான ஒன்றின் 4.7 மடங்குதான். ஆனால் அந்த அரிதானதைக் கண்டுபிடிக்க ஒரு கைப்பட்டையும் ஒரு சிறுநீர்க் குப்பியும் போதும் என்கிறபோது, விட்டுவைப்பானேன்? பிரசவத்தோடு வியாதி தீர்ந்தது என்று அனுப்பிவிடுகிறோம். பிள்ளையின் எடையைக் கேட்கிறோம், தாயைக் கேட்பதில்லை.

நிழல்மரம் எழுதியது:

கோபிக்கவில்லை. என் அக்காவுக்கு முதல் பிரசவத்தில் இதே வீக்கம். இப்போதுதான் தொலைபேசியில் பேசினேன். பத்து வருடமாக அழுத்தம் பார்க்கவில்லையாம்.

மாடிப்படி எழுதியது:

மூன்று மாதம் கழித்து வருகிறேன். கேட்டவர்களுக்காக.

பூப்பந்து ஆடாமல், காலை முதல் சிறுநீரில் இரண்டு முறை பார்த்தோம். 74, பிறகு 81. பூப்பந்தின் மேல் பழியைப் போட முடியவில்லை. ஸ்கேனில் சிறுநீரகங்கள் 8.9, 9.1 சென்டிமீட்டர், வழக்கமாக 10 முதல் 12 வரை இருக்குமாம். சிறுநீரில் இரத்த அணுக்கள் இல்லை, கிரியாட்டினின் மாறவில்லை என்பதால் இப்போதைக்குத் திசுப் பரிசோதனை வேண்டாம் என்றார் மருத்துவர். வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தத்தை இறக்க லோசார்டான் கொடுத்திருக்கிறார். உப்பை நாளுக்கு 5 கிராமுக்குள் வைக்கச் சொன்னார்; எடை 84இல் இருந்து 79க்கு இறங்கியிருக்கிறது. முதுகுவலிக்கு நான் வாரத்தில் மூன்று நாள் போட்டுக்கொண்டிருந்த டைக்ளோஃபெனாக்கைக் குப்பையில் போட்டேன். (ஆமாம், முதல் பதிவில் அதை எழுதவில்லை. மருத்துவரிடமும் முதல் நாள் சொல்லவில்லை.)

அம்மாவை அழைத்துப்போவதுதான் பெரும்பாடாக இருந்தது. "எனக்கு என்ன, கல்லுப் போல இருக்கிறேன்" என்றார். உப்புக்கணக்கு எழுதியதை இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். சாப்பாட்டைப் பற்றிய வரி வந்ததும் மறுபடி வாசிக்கச் சொன்னார். மூன்றாவது முறையும் வாசித்தேன். அதற்குப் பிறகுதான் கிளம்பினார்.

நான் பிறந்த பிறகு யாராவது உங்கள் கையில் இந்தப் பட்டையைச் சுற்றியிருக்கிறார்களா என்று வழியில் கேட்டேன். "உன்னைத் தூக்கிக்கொண்டு அலையவே நேரம் போதவில்லை" என்றார். 172/98. சிறிது நேரம் உட்காரவைத்துப் பார்த்தார்கள், 168/96. சிறுநீரிலும் அல்புமின் இருக்கிறது, என்னைவிட அதிகம்.

வியாழக்கிழமை சிறுநீரக மருத்துவரிடம் போகிறோம். இரண்டு டோக்கன் வாங்கியிருக்கிறேன்.